இறைக்காத கிணறு

ஜெசிந்தாவின் கணவன் ஜோஷ்வா செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தான். 2004 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவ்வளவுதான். வயது முப்பத்தொன்பது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். யார் மேலும் கோபப்பட வழியில்லாத சாவு.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். ஜோஷ்வாவின் தங்கை பிரிசில்லா கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாரம் இருங்க அண்ணி" என்றாள். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. அழுகை வரவில்லை. வரும் வரும் என்று மற்றவர்கள்தான் காத்திருந்தார்கள்.

அவள் நிலத்தடி நீர் விஞ்ஞானி. ஒரு நீர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பிறந்தது கருங்குழிக் காலனியில். அப்பா ராஜேந்திரன் இளவயதில் பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்றவர். பிறகு ஊரில் தண்ணீர் திறந்துவிடும் வேலை கிடைத்தது. தண்ணீர் முதலில் பெரிய தெருக்களுக்குப் போகும், காலனிக்குக் கடைசியில் வரும். வால்வைத் திருகுகிற கை அவருடையதுதான் என்றாலும் அந்த வரிசையை மாற்ற அவரால் முடியவில்லை. மகள் செங்கல்பட்டில் வேதியியல் படித்தாள், சென்னையில் நிலத்தடி நீரியல் படித்தாள், பிறகு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். 1995 முதல் நான்கு வருஷம் திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரத்து மணல்மேட்டுக் கிணறுகளை ஒவ்வொன்றாக அளந்தாள். கல்யாணமான புதிது. சனிக்கிழமைகளில் ஜோஷ்வாவும் கூட வருவான். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லும் எண்களை நோட்டில் எழுதுவான்.

அந்த ஆராய்ச்சியின் சாரம் எளிமையானது. கடலோர மணலில் இறங்கும் மழைத் தண்ணீர், அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. நிதானமாக மொண்டால் வருஷம் முழுக்க நல்ல தண்ணீர் கிடைக்கும். மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்; ஏறியது இறங்க இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். எவ்வளவு வேகம், எத்தனை நாள் என்று அந்தக் கடற்கரைக்கென்றே கணக்குப் போட்டுக் காட்டியதற்குத்தான் அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி கடல் உள்ளே வந்தது. இரண்டு நாள் கழித்து அவளை அந்தக் கரைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும்.

திருவிடந்தைக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவக் குப்பம். உறை இறக்கிய கிணறுகள் முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் கடல் நிறைந்திருந்தது. ஒரு கிணற்றில் பள்ளிக்கூடப் பை மிதந்தது. ஜெசிந்தா உப்பை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் இறக்கினாள், எண்ணை எழுதினாள், புட்டியில் தண்ணீர் பிடித்தாள், அடுத்த கிணற்றுக்கு நடந்தாள். யாரோ ஒரு பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க வூட்லயும் போய்ட்டாங்களா மேடம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள். "அலையிலயா?" இல்லை, அதற்கு முன்னாலேயே என்று சொல்ல வாயெடுத்து, வேறு யாருக்கோ போட்ட வரிசையில் தான் நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்ற, அடுத்த கிணற்றுக்கு நகர்ந்தாள்.

ஜனவரி பதினெட்டாம் தேதி மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. நிவாரணத்துக்கு வந்திருந்த தொண்டு நிறுவனங்கள், அதிகாரிகள், எழுபது எண்பது பேர். கிணறுகளைச் சுத்தம் செய்யும் பொறுப்பை எடுத்திருந்த நிறுவனத்திலிருந்து பரணிதரன் என்பவர் பேசினார். நல்ல மனிதர். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத கண்கள்.

"நாப்பது ஆயில் இன்ஜின் வந்து எறங்கியாச்சு. ஒவ்வொரு கெணத்தையும் தரை தெரியற வரைக்கும் மூணு தடவ எறச்சிடறோம். பிளீச்சிங் பவுடர் போட்டுடறோம். மாசக் கடைசிக்குள்ள ஜனங்க அவங்கவங்க கெணத்துத் தண்ணியக் குடிக்கணும்."

கைதட்டினார்கள். மேடையிலிருந்த அதிகாரி ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "மேடம், நீங்கதான் இங்க டெக்னிக்கல் ஆளு. இதுல ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

அவளுக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு தடவை மெதுவாக இறைத்து அழுக்கை எடுத்துவிட்டு, மழைக்கு விட்டுவிட வேண்டும். மூன்று தடவை இன்ஜின் வைத்து உறிஞ்சினால் கீழே இருப்பது மேலே வந்துவிடும். சொல்வதற்கு இரண்டு நிமிஷம் போதும். பயமில்லை, தயக்கமுமில்லை. எழுந்து நிற்க வேண்டும், மைக்கை வாங்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவும் ஒரு மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரிந்தது. மேலே மின்விசிறி ஒன்று இடித்து இடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

"இல்ல சார்," என்றாள்.

மறுநாளே இன்ஜின்கள் ஓடத் தொடங்கின.

அந்தக் குப்பத்தில் லோகநாயகி என்று ஒருத்தி இருந்தாள். ஐம்பது வயதிருக்கும்; கோவளம் வரைக்கும் கூடை தூக்கிப் போய் மீன் விற்கிறவள். அவளுடைய தங்கை ஜெகதாம்பாள் பக்கத்து வீடு. தங்கையும் அவள் புருஷனும் அலையில் போய்விட்டார்கள். அந்த வீடு பூட்டிக்கிடந்தது. சாவி, கல்யாணமாகிப் பழவேற்காட்டில் இருந்த அவர்கள் மகளிடம். சுற்றுச்சுவருக்குள் கிணறு இருந்ததால் இன்ஜின்காரர்கள் அதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

லோகநாயகியின் கிணற்றை மூன்று தடவை இறைத்தார்கள். உப்பு குறையவில்லை, கூடியது. பற்றாது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். நிறுவனத்தார் குப்பத்திலேயே விட்டுவிட்டுப் போன இன்ஜினை முறை வைத்து வாங்கி, மாதம் ஒருமுறை மகனை வைத்து இறைத்தாள். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். குடிக்க லாரித் தண்ணீர் வந்தது.

ஜெசிந்தா மாதத்தில் ஒரு நாள் வருவாள். மீட்டரை இறக்குவாள், எழுதுவாள். சில மாதங்களில் அவள் வரும் நாளிலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். லோகநாயகி கேட்பாள்: "இன்னா மேடம், கொறஞ்சி கீதா?"

"இன்னும் இல்லக்கா."

ஜனவரியில் சொல்லாததைப் பிப்ரவரியில் சொல்ல முடியவில்லை. பிப்ரவரியில் சொல்லாததால் மார்ச்சில் சொல்ல முடியவில்லை. போகப்போக அது சொல்லவேண்டிய ஒன்று என்பதே அவளுக்கு மங்கிப்போனது. ஆய்வுக்கூடத்தில் புட்டிகளை வரிசையாக வைத்து உப்பு பார்ப்பாள். மஞ்சளாக இருக்கும் கரைசல் ஒரு சொட்டில் செங்கல் நிறமாகத் திரும்பும். அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். கை தானாக நிறுத்தும். அந்த வருஷம் அவள் எடுத்த அளவுகளில் ஒரு பிழைகூட இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எந்த விளக்கைப் போடுவது என்று கொஞ்ச நேரம் நிற்பாள்.

2005 ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. டிசம்பரில் அவள் வந்தபோது, பூட்டிய வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டினாற்போலிருந்த கிணற்றில், சுவருக்கு மேலிருந்து புட்டியை இறக்கி எடுத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். அலைக்கு முன்னால் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படி. ஐம்பதடி தள்ளி, லோகநாயகியின் கிணறு வாயில் வைக்க முடியாதபடி இருந்தது.

ஜெசிந்தாவின் மேலதிகாரி தாமோதரன் இந்த எண்களைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். மனைவியின் வேலையை ஒட்டி அணுபுரத்தில் குடியிருந்தவர். ஆராய்ச்சிக் காலத்திலிருந்தே அவளைத் தெரிந்தவர்.

"முப்பது கிணறு இறைச்சது, ஒண்ணு இறைக்காதது. ஒரே மணல், ஒரே மழை. நாமளா திட்டம் போட்டாக்கூட இப்படி அமையாதும்மா. உடனே எழுது."

எழுதினாள். 2006 மார்ச்சில் சென்னையில் கருத்தரங்கம். கட்டுரையோடு அவளைப் பற்றியும் ஐந்து வரி கேட்டிருந்தார்கள். படிப்பு, பட்டம், வேலை அனுபவம் எழுதிவிட்டு, கடைசி வரியில் 'கடலோர நிலத்தடி நீரில், குறிப்பாக இறைப்பால் உவர்நீர் மேலேறுவது பற்றி, பதினோரு ஆண்டு அனுபவம்' என்று எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்தாள். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய தகவலாக இருந்தது. உறையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

கருத்தரங்கத்தில் அவள் பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து வயதான பேராசிரியர் ஒருவர் எழுந்தார். பெயர் சுப்புராமன். "அருமையான ஆய்வு. ஒரே ஒரு கேள்வி. கிணறுகளை இறைக்கணும்னு முடிவு எடுத்தப்ப, இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர்கூடவா அங்க இல்ல?"

அவள் மைக்குக்கு அருகில்தான் நின்றிருந்தாள். தாமோதரன் முந்திக்கொண்டார். "அவசர காலம் சார். ஆலோசனை கேக்கற நிலைமையில யாரும் இல்ல."

பேராசிரியர் தலையாட்டி உட்கார்ந்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கை ஜில்லிட்டிருந்தது. ஏசி அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் குப்பத்துக்கு வழக்கமான நாளில் போனாள். பூட்டிய வீட்டின் சுற்றுச்சுவர் மேல் கற்பூரம் கொளுத்திய கரி. மஞ்சள் துணி ஒன்று சுற்றியிருந்தது. இரண்டு பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

லோகநாயகி தன் கிணற்றடியில் குந்தியிருந்தாள். இன்ஜின் ஓடி நின்ற புகை வாசனை.

"இது என்னக்கா?" என்று ஜெசிந்தா சுவரைக் காட்டிக் கேட்டாள்.

"ஜெகதா கெணறு. அவ காவந்து பண்றா, அதான் நல்ல தண்ணியா கீதுன்னு எல்லாம் வந்து கும்புட்டுகினு கீறாங்க."

"நீங்க அதுல தண்ணி எடுக்கறதில்லையா?"

"நான் எப்டி எடுக்கறது?" லோகநாயகி தரையைப் பார்த்துப் பேசினாள். "ஒன்னாண்ட சொல்றதுக்கு இன்னா மேடம். அன்னிக்கி ஓடும்போது அவ என் கையப் புட்ச்சிகினு தான் வந்தா. புருசன் பின்னாடி நிக்கறான்னு திரும்புனா. நான் கைய வுட்டுட்டேன். வுட்டுட்டு ஓடிட்டேன். அத்த அவ மறக்கல. ஊருக்கெல்லாம் நல்லவளா கீறா, எனுக்கு மட்டும் உப்பக் குடுக்கறா. பதினாலு தபா எறச்சேன். எறைக்க எறைக்க உப்பு ஏறுது. நீயே ஒவ்வொரு மாசமும் எய்திகினு போறியே, ஒனுக்குத் தெரியாதா?"

ஜெசிந்தா பையைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க தங்கச்சி ஒண்ணும் பண்ணல. அந்தக் கெணத்த யாரும் எறைக்கல. அதான் நல்லா இருக்கு. உங்களுது எறைக்கறதாலதான் உப்பா இருக்கு."

லோகநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெசிந்தா சொன்னாள். நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம், ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது என்று விரலால் மணலில் கோடு போட்டுக் காட்டினாள். லோகநாயகி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"கஞ்சி மேல தெளிவு நிக்கற மாரி."

"ஆமாக்கா."

"பைய மொண்டா தெளிவு வரும். கரண்டியப் போட்டு அள்ளுனா கலங்கிப்பூடும்."

"அதேதான்."

"இது ஒனுக்கு எப்போ தெரியும்?"

"பத்து வருஷமாத் தெரியும்."

"அப்போ இன்ஜின் வந்தன்னிக்கே தெரியும்."

"அதுக்கு முன்னாடியே. கூட்டத்துல என்னைக் கேட்டாங்க, ஆட்சேபணை இருக்கான்னு. இல்லன்னு சொன்னேன்."

"எதுக்கு?"

ஜெசிந்தா யோசித்தாள். உண்மையான பதில் எதுவென்று தேடினாள். "என் வீட்டுக்காரர் செத்து ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. வாயத் தொறக்க முடியல."

லோகநாயகி எழுந்தாள். குரல் உயரவில்லை. "எனுக்கும் தான் செத்துச்சி. கட்டுமரம் திரும்பக் கடலுக்குப் போன மொத நாளே கூடயத் தூக்கிகினு போய் மீனு மீனுன்னு கத்துனேன். கத்தலன்னா யாரு சோறு போடுவாங்க? எந்தங்கச்சி எம்மேல வஞ்சம் வெச்சிகினு கீறான்னு ஒரு வருசமா நான் செத்துகினு கீறேன். நீ மாசா மாசம் எதிர்ல நின்னு எய்திகினு போற."

ஜெசிந்தா மன்னிப்புக் கேட்டாள். அந்தச் சொல் காற்றில் போனது.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போது? வா. வந்து எல்லார் எதிர்லயும் சொல்லு."

வலை பின்னும் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊர்ப் பஞ்சாயத்தில் மூத்தவர் முத்துசாமி அங்கே இருந்தார். ஆட்கள் சேர்ந்தார்கள். இருபது இருபத்தைந்து பேர். ஜெசிந்தா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கூட்டத்தில் தன்னைக் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் விடாமல் சொன்னாள். ஒருவன், "இத்தினி நாளா எங்களப் பேஜாரு பண்ணிட்டு இப்ப வந்து கத சொல்றியா?" என்று கத்தினான். ஒருத்தி கெட்ட வார்த்தையில் திட்டினாள். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அடி விழுந்தாலும் நின்றிருப்பாள். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்புறம் நடப்பது போலத்தான் இருந்தது. ஆனால் குரல் மட்டும் நடுங்காமல் வந்தது, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிற்று.

கடைசியில் முத்துசாமி கேட்டார். "இப்ப இன்னா பண்ணனும்? அத்தச் சொல்லு."

"ஒண்ணும் பண்ணக்கூடாது. இன்ஜின எடுத்துடணும். குளிக்க, துவைக்க வாளி போட்டு மட்டும் மொள்ளணும். ரெண்டு மழ பெய்யணும்."

"ரெண்டு மழைக்கப்புறம் வரலன்னா?"

"வரும்னுதான் கணக்கு சொல்லுது. உறுதியா சொல்ல முடியாது."

இன்ஜினைக் கழற்றிக் கொட்டகை மூலையில் போட்டுக் கோணிப்பையால் மூடினார்கள்.

அன்று செங்கல்பட்டு பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அழுகையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. விசும்பல் இல்லை, நெஞ்சில் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டையை நீட்டினாள், வாங்கித் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் பிரிசில்லாவுக்குப் போன் செய்து, "கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்று மட்டும் கேட்டாள். அவள் இரண்டு நாள் வந்து தங்கிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை ஜெசிந்தா அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். கூட்டத்தின் தேதி, கேட்ட கேள்வி, சொன்ன பதில், அதன் விளைவு. மற்றக் கடலோர ஊர்களிலும் இன்ஜின் இறைப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று கடைசிப் பத்தி.

தாமோதரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். "கடைசிப் பத்தி போதுமேம்மா. மேல இருக்கறதை எதுக்கு எழுதினே? யாரும் உன்னைக் கேக்கலையே."

"கேட்டாங்க சார். ரெண்டு தடவ கேட்டாங்க."

அவர் அதை அப்படியே மேலே அனுப்பினார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான்கு வரியில் பதில் கொடுத்தாள். களப்பணியிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே போட்டார்கள். யாரோ கொண்டுவரும் புட்டிகளைப் பார்த்து எண் சொல்லும் வேலை. இன்ஜின் இறைப்பை நிறுத்தும்படி ஊர்களுக்குச் சுற்றறிக்கை போனது. சில ஊர்களில் நிறுத்தினார்கள், சிலவற்றில் காகிதத்தோடு சரி.

அவள் மாதம் ஒரு சனிக்கிழமை சொந்தமாக பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனாள். வீட்டில் பழைய மீட்டர் ஒன்று இருந்தது. யாரும் வரச்சொல்லவில்லை, போகச்சொல்லவும் இல்லை. இப்போது எண்ணை நோட்டில் எழுதுவதற்கு முன்னால் கிணற்றுக்காரர்களிடம் சத்தமாகச் சொன்னாள். லோகநாயகி மட்டும் அவள் வரும்போது உள்ளே போய்விடுவாள். மருமகள்தான் வந்து நிற்பாள். "அத்தைக்கு எவ்ளோன்னு சொல்லணும்," என்பாள் அந்தப் பெண். ஜெசிந்தா சொல்வாள்.

2006 மழை சுமார்தான். உப்பு பாதியாயிற்று. மஞ்சள் துணியை யாரும் அவிழ்க்கவில்லை; வெயிலில் வெளுத்துத் தானாக அறுந்தது. பழவேற்காட்டிலிருந்து ஜெகதாம்பாளின் மகள் குடும்பத்தோடு வந்து அந்த வீட்டைத் திறந்தாள். லோகநாயகி அங்கே போய் ஒரு நாள் முழுக்க அழுதாள் என்று மருமகள் சொன்னாள்.

2007 மழை நன்றாகப் பெய்தது. அடுத்த தை மாதத்தில் ஜெசிந்தா போனபோது கிணற்றடியில் லோகநாயகியே நின்றிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஜெசிந்தா மீட்டரை இறக்கி எண்ணைச் சொன்னாள். லோகநாயகி தலையை மட்டும் அசைத்தாள்.

"இன்னிக்கு இந்தத் தண்ணியில தான் சோறு வடிச்சேன்," என்றாள். பிறகு, "குந்து," என்றாள்.

வாசலில் உட்கார்ந்தார்கள். தட்டில் சோறும் சங்கரா மீன் குழம்பும் வந்தது. லோகநாயகி எதிரில் உட்கார்ந்து அவள் முதல் வாய் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா மென்று விழுங்கினாள்.

"இன்னும் லேசா உப்பு இருக்குக்கா. குடிக்கறதுக்கு இன்னும் ஒரு மழை விடணும்."

"தெர்யும்," என்றாள் லோகநாயகி. "சாப்டு."